கிரகணம், சாம்பார், அயனி மண்டலம்

போன தடவை தயிர் எப்படி உறைகிறது என்று எழுதியிருந்தேன். இந்தத் தடவை சமையலறையை விட்டு நேராக மேலே, நூறு கிலோமீட்டர் உயரத்துக்குப் போகிறோம். பயப்பட வேண்டாம், நடுவில் சாம்பாரும் வரும்.

சூரிய கிரகணம் வந்தால் நம் ஊரில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். முதல் கட்சி: "ஒன்றுமே நடக்காது, எல்லாம் மூடநம்பிக்கை, போய்ச் சாப்பிடுங்கள்." இரண்டாவது கட்சி: "முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை." இந்தச் சண்டை பழையது. ஆனால் சில வருடங்களாக இரண்டாவது கட்சியின் கையில் புதிதாக ஓர் ஆயுதம் கிடைத்திருக்கிறது. அது விஞ்ஞானம்! வாட்ஸப்பில் உங்களுக்கும் வந்திருக்கும். "கிரகணத்தின்போது வளிமண்டலத்தின் மேல் அடுக்கில் பெரிய மாற்றம் ஏற்படுகிறது என்று விஞ்ஞானிகளே ராக்கெட் விட்டுக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதனால்தான் நம் முன்னோர்கள் அந்த நேரத்தில் சாப்பிடக் கூடாது, கர்ப்பிணிகள் வெளியே வரக் கூடாது என்றார்கள்."

இதில் வேடிக்கை என்னவென்றால், முதல் வாக்கியம் உண்மை. ராக்கெட் விட்டது உண்மை, மாற்றம் ஏற்படுவதும் உண்மை. "ஒன்றுமே நடக்காது" என்று சொல்லும் முதல் கட்சி இங்கேதான் மாட்டிக்கொள்கிறது. கோளாறு முழுக்க இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்கி வைக்கும் "அதனால்தான்" என்ற ஒரே வார்த்தையில் இருக்கிறது. மேலே உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் அந்த வார்த்தை தானாக உதிர்ந்துவிடும் என்பது என் கட்சி. மூன்றாவது கட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள் :-)

ஓட்டைக் குடம்

நாம் சுவாசிக்கும் காற்று ரொம்பத் தாழ்வானது. வளிமண்டலத்தின் மொத்த எடையில் 99.9 சதவீதம் முதல் 50 கிலோமீட்டருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே இருப்பது மிக மெல்லிய காற்று. மெல்லியது என்றாலும் சும்மா இருப்பதில்லை. சூரியனிலிருந்து வரும் புறஊதாக் கதிர்களையும் எக்ஸ் கதிர்களையும் முதலில் வாங்கிக்கொள்வது இந்தக் காற்றுதான். அந்தக் கதிர்கள் அணுக்களிலும் மூலக்கூறுகளிலும் இருந்து எலக்ட்ரான்களைத் தட்டிப் பிரித்துவிடுகின்றன. எலக்ட்ரானை இழந்த அணுவுக்கு அயனி என்று பெயர் (பத்தாம் வகுப்பில் படித்தது ஞாபகம் இருக்கிறதா?). சுமார் 60 கிலோமீட்டரில் தொடங்கிப் பல நூறு கிலோமீட்டர் உயரம் வரை இப்படி அயனிகளும் தனி எலக்ட்ரான்களும் கலந்து கிடக்கும் பகுதிக்கு அயனி மண்டலம் என்று பெயர்.

இதை ஓட்டைக் குடம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மேலே குழாயிலிருந்து தண்ணீர் விழுகிறது, கீழே ஓட்டை வழியாக ஒழுகுகிறது. குழாய் என்பது சூரியன். ஓட்டை என்பது பிரிந்த எலக்ட்ரானும் அயனியும் மறுபடி ஒன்று சேர்ந்துவிடுவது. குடத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது விழுவதையும் ஒழுகுவதையும் பொறுத்தது.

உயரத்துக்கு உயரம் ஓட்டையின் அளவு மாறும். 100 முதல் 120 கிலோமீட்டர் வாக்கில் இருக்கும் 'ஈ' அடுக்கில் ஓட்டை பெரியது. குழாயை மூடினால் சில நிமிடங்களில் தண்ணீர் மட்டம் இறங்கிவிடும். 300 கிலோமீட்டர் வாக்கில் இருக்கும் 'எஃப்' அடுக்கில் ஓட்டை சின்னது. அங்கே இருப்பவை பெரும்பாலும் ஆக்சிஜன் அணுவின் அயனிகள். அவை எலக்ட்ரானோடு நேராகச் சேர்வது அபூர்வம். முதலில் ஒரு நைட்ரஜன் அல்லது ஆக்சிஜன் மூலக்கூறைத் தேடிப் பிடித்து, தன் மின்னூட்டத்தை அதனிடம் தள்ளிவிட வேண்டும். அவ்வளவு உயரத்தில் மூலக்கூறு கிடைப்பதே கஷ்டம். அதனால்தான் ராத்திரி முழுக்கச் சூரியன் இல்லாவிட்டாலும் எஃப் அடுக்கு முழுதாகக் காலியாவதில்லை.

இவை இரண்டுக்கும் கீழே, 60 முதல் 90 கிலோமீட்டரில், 'டி' அடுக்கு. இதை நீங்கள் காதால் அறிந்திருப்பீர்கள். பழைய ரேடியோவில் பகலில் கேட்காத தூரத்து மத்திய அலை நிலையங்கள் ராத்திரியானால் இரைச்சலோடு வந்து சேரும் அல்லவா? பகலில் டி அடுக்கு அந்த அலைகளை விழுங்கிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு ஏறக்குறைய காணாமல் போய்விடுகிறது. அலைகள் மேலே போய், மேல் அடுக்குகளில் பட்டுத் திரும்பி, தூரத்து ஊர்களில் இறங்குகின்றன.

ஆக, கிரகணம் என்பது பட்டப்பகலில் யாரோ வந்து குழாயை மூடிவிட்டுத் திரும்பத் திறப்பது. அவ்வளவுதான். ஆனால் விஞ்ஞானிகளுக்கு இது லாட்டரி அடித்த மாதிரி. சூரியனை அணைத்துப் பார்க்கும் ஸ்விட்ச் யாரிடமும் கிடையாது. கிரகணத்தில் அந்த ஸ்விட்ச் எந்த ஊரில், எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு அணையும் என்று பல வருடங்களுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

நிழல் தீர்த்து வைத்த வழக்கு

1924ல் இங்கிலாந்தில் எட்வர்ட் ஆப்பிள்டன் என்பவர், பிபிசியின் போர்ன்மத் நிலையத்திலிருந்து அலைகளை அனுப்ப வைத்து, ஆக்ஸ்ஃபோர்டில் அவற்றைப் பிடித்தார். தரை வழியாக வந்த அலையையும் வானத்தில் பட்டு வந்த அலையையும் ஒப்பிட்டு, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் ஓர் அடுக்கு இருப்பதைக் காட்டினார். இதற்காக 1947ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அடுக்கு இருக்கிறது, சரி. அதை உண்டாக்குவது எது? சூரியனிலிருந்து வரும் புறஊதா ஒளியா, அல்லது சூரியன் வீசியடிக்கும் துகள்களா? அப்போது இரண்டுக்கும் ஆதரவாளர்கள் இருந்தார்கள். வழக்கைத் தீர்க்க ஒரு நல்ல வழி இருந்தது. ஒளி சூரியனிலிருந்து பூமிக்கு வர எட்டு நிமிடம் சொச்சம்தான் எடுக்கிறது. துகள்கள் அதைவிட ரொம்ப மெதுவாக வரும். அவை வந்து சேர்வதற்குள் நிலவு நகர்ந்திருக்கும். எனவே துகள்களுக்கான நிழல், ஒளிக்கான நிழல் விழும் அதே இடத்தில் அதே நேரத்தில் விழாது. இரண்டில் எந்த நிழல் வரும்போது அடுக்கு மெலிகிறது என்று பார்த்தால் போதும்.

1932 ஆகஸ்ட் 31 அன்று கனடா வழியாகவும் அமெரிக்காவின் வடகிழக்கு வழியாகவும் ஒரு முழு கிரகணம் சென்றது. ஆய்வாளர்கள் ரேடியோ அலைகளை மேலே அனுப்பி எதிரொலியைக் கவனித்தார்கள். கண்ணுக்குத் தெரிந்த கிரகணத்தோடு ஒட்டியே ஈ அடுக்கு மெலிந்தது, வெளிச்சம் திரும்பியதும் அதுவும் மீண்டது. ஒளி ஜெயித்தது. இத்தனைக்கும் ஒருவரும் அந்த உயரத்துக்குப் போகவில்லை, தரையில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்தார்கள்.

அடுத்து ராக்கெட் காலம். 1958 அக்டோபர் 12 அன்று தென் பசிபிக் கடலில் முழு கிரகணம். அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் ஹெர்பர்ட் ஃப்ரீட்மேன் குழு ஒரு கப்பலின் மேல்தளத்திலிருந்தே ராக்கெட்டுகளை ஏவியது. சூரிய வட்டம் முழுக்க மறைந்த பிறகும் எக்ஸ் கதிர்கள் முற்றிலும் நிற்கவில்லை. ஆனால் முக்கியமான ஒரு புறஊதாக் கதிர் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. எக்ஸ் கதிர்கள் வருவது சூரியனைச் சுற்றிப் பரந்து கிடக்கும் கொரோனாவிலிருந்து (வைரஸ் இல்லை, சூரியனின் வெளி வளிமண்டலம்!). அதை நிலவால் முழுதாக மறைக்க முடியாது. அதனால்தான் முழு கிரகணத்தில்கூட அயனி மண்டலத்துக்கான குழாய் முழுசாக மூடுவதில்லை, கொஞ்சம் சொட்டிக்கொண்டே இருக்கும்.

நம்ம தும்பா

இந்த விஷயத்தில் நம் தென்கோடிக்கு ஒரு தனி இடம் உண்டு. பூகோளத்தில் நாம் வரையும் நிலநடுக்கோடு வேறு, பூமியின் காந்தப்புலம் தரைக்குச் சமமாகப் படுத்திருக்கும் காந்த நடுக்கோடு வேறு. இந்தக் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. விக்ரம் சாராபாய் திருவனந்தபுரம் பக்கத்தில் தும்பா என்ற மீனவ கிராமத்தைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் அதுதான். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. திருநெல்வேலி பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதும் இதே காரணத்துக்காக.

காந்த நடுக்கோட்டுக்கு மேலே, சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. கம்பி இல்லாமல், வெறும் காற்றில், பல்லாயிரம் ஆம்பியர். இதற்கு எலக்ட்ரோஜெட் என்று பெயர். ஆறு மாதிரி குறுகலான பட்டையாக ஓடுவதால் 'மின்னாறு' என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். கன்னியாகுமரியில் நின்று அண்ணாந்து பார்த்தால் நம் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. தரையில் இருக்கும் காந்தமானிகள் அதைக் கண்டுபிடித்துவிடும்.

2010 ஜனவரி 15 அன்று வந்த கங்கண கிரகணம் (வளைய கிரகணம்) இந்த மின்னாற்றின் மேலேயே வந்தது, அதுவும் உச்சிவெயில் நேரத்தில். அந்தக் கிரகணத்தின் வளையம் இந்தியப் பெருங்கடலில் ஓரிடத்தில் 11 நிமிடம் 8 விநாடி நீடித்தது. இந்த ஆயிரம் ஆண்டிலேயே நீளமான கங்கண கிரகணம் அதுதான். ராமேஸ்வரம், யாழ்ப்பாணம் பக்கமெல்லாம் ஏறத்தாழ 10 நிமிடம். தும்பாவிலிருந்து இஸ்ரோ வரிசையாக ஆய்வு ராக்கெட்டுகளை ஏவியது. முதல் நாளும் ஏவினார்கள், கிரகணத்தன்றும் ஏவினார்கள். சாதாரண நாளோடு ஒப்பிட்டால்தானே வித்தியாசம் தெரியும்!

அன்று மின்னாறு வெறுமனே மெலியவில்லை, எதிர்த்திசையில் திரும்பியே ஓடியது. படித்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். இப்படித் திரும்பி ஓடுவது கிரகணம் இல்லாத சில நாட்களிலும் நடக்கும், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி அதிகம் நடக்கும். நிலவின் ஈர்ப்பு கடலில் அலையேற்றம் உண்டாக்குவது போல மேல்காற்றிலும் உண்டாக்குவதே அதற்குக் காரணம். சூரிய கிரகணமோ எப்போதும் அமாவாசையில்தான் வரும். அப்படியானால் அன்று திரும்பியதில் நிழலின் பங்கு எவ்வளவு, அமாவாசையின் பங்கு எவ்வளவு? இதைப் பிரித்துப் பார்க்க நிறையக் கட்டுரைகள் எழுதப்பட்டிருக்கின்றன. "அதனால்தான்" என்று சொல்வதற்கு முன் ஒரு விஞ்ஞானி எவ்வளவு தயங்குகிறார் பாருங்கள். நம் ஃபார்வர்டு மன்னர்களுக்கு அந்தத் தயக்கம் கொஞ்சமும் இல்லை.

எங்கள் வீட்டுக் கதை

இந்த இடத்தில் சொந்தக் கதை கொஞ்சம். எங்கள் ஊர் கரூர் பக்கம். 2019 டிசம்பர் 26 காலையில் வந்த கங்கண கிரகணம் நேராக எங்கள் தலைக்கு மேலே போனது. நான் அப்போது எட்டாம் வகுப்பு. பெரியப்பா மகள், என் அக்கா, ஏழு மாத கர்ப்பிணியாக வீட்டுக்கு வந்திருந்தாள்.

முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டதோடு சரி. காலையில் அவளை உள் அறையில் உட்கார வைத்து, ஜன்னலுக்குப் போர்வை கட்டினார்கள். ஒரு துளி வெளிச்சம் வரக் கூடாதாம். தண்ணீர் கூடாது, பாத்ரூம் கூடாது, கையில் ஊசி கத்தி எதுவும் படக் கூடாது. சாம்பார்ச் சட்டி மேல் தர்ப்பைப்புல். வாசலில் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தி வைத்து, "பாத்தியா, கிரகணம் புடிச்சிருக்கு, அதான் நிக்குது" என்று பெரியவர்கள் காட்டினார்கள். (அடி தட்டையாக இருந்தால் உலக்கை எந்த நாளும் நிற்கும். அடுத்த வாரம் நிறுத்திப் பார்த்தேன், நின்றது.) ஒன்பதரை மணி வாக்கில் வளையம் வந்தது. வோல்டேஜ் குறைந்த டியூப்லைட் மாதிரி ஊரே மங்கிப் போனது. பதினொன்றே காலுக்குக் கிரகணம் விட்டது. அறைக் கதவைத் திறந்து குளிக்கக் கூட்டிப் போகும்போது அக்கா அப்படியே சரிந்து விழுந்தாள்.

ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டிரிப்ஸ் ஏற்றினார்கள். டாக்டரம்மா சொன்னது ஒரே வரிதான்: "ஏழு மாசப் புள்ளத்தாச்சி பதினஞ்சு மணி நேரம் பச்சத்தண்ணி குடிக்காம இருந்தா மயக்கம் வராம என்ன பண்ணும்?" நல்லவேளை, அக்காவுக்கும் குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், வாய் ஓயாமல் பேசுகிறாள்.

அப்பாயியை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வயதில் அவரும் அன்று பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது, அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்பாயியின் தங்கைக்கு, நாங்கள் சின்ன அப்பாயி என்போம், மூத்த பிள்ளை உதடு பிளந்து பிறந்தது. கிரகணத்தன்று அரிவாள்மனையில் காய் நறுக்கினாள் என்று ஊர் சொன்னது. அவர் நறுக்கினாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் சாகும்வரை அந்தப் பழியைச் சுமந்தார். குழந்தையின் மேலுதடு கருவில் உருவாகி முடிவது முதல் இரண்டு மாதத்துக்குள். பெரும்பாலான பெண்களுக்குக் கர்ப்பம் உறுதியாகி வெளியில் சொல்லும் நேரமே அப்போதுதான். பரம்பரை, சத்துக்குறைவு, சில மருந்துகள், புகை என்று மருத்துவம் பல காரணங்கள் சொல்கிறது. அரிவாள்மனை அந்தப் பட்டியலில் இல்லை. ஏழு மாதத்தில் அறைக்குள் அடைத்து வைத்துத் தடுக்க அங்கே எதுவும் மிச்சமும் இல்லை.

ஒரு ஃபார்வர்டுக்கு இவ்வளவு பெரிய பதிவா என்று கேட்காதீர்கள். அந்த "அதனால்தான்" ஒரு வீட்டில் மயக்கமாகவும், இன்னொரு வீட்டில் ஆயுசுக்கும் பழியாகவும் முடிகிறது.

படகும் அலையும்

2024 ஏப்ரலில் எங்கள் குடும்ப குரூப்பில் சித்தப்பா ஒரு செய்தி போட்டார். "நாசா மூன்று ராக்கெட் விட்டிருக்கிறது, கிரகணத்தின் தாக்கம் உண்மை!" செய்தி சரிதான். 2024 ஏப்ரல் 8 அன்று வட அமெரிக்காவில் முழு கிரகணம். வர்ஜீனியாவில் வாலப்ஸ் தீவிலிருந்து மூன்று ராக்கெட்டுகள் போயின: கிரகணம் உச்சத்துக்கு வர 45 நிமிடம் இருக்கும்போது ஒன்று, உச்சத்தின்போது ஒன்று, 45 நிமிடம் கழித்து ஒன்று. அதற்கு ஆறு மாதம் முன்பு, 2023 அக்டோபர் 14 அன்று, நியூ மெக்சிகோவிலும் இதே மாதிரி மூன்று போயின. திட்டத்தின் தலைவர் அரோ பர்ஜாத்யா என்ற இந்திய வம்சாவளிப் பேராசிரியர்.

எதற்காக இந்த ராக்கெட்டுகள்? நிலவின் நிழல் ஒலியைவிட வேகமாக ஓடுகிறது. 2017 ஆகஸ்ட் 21 கிரகணத்தில் அமெரிக்காவின் மேல் விநாடிக்கு 650 மீட்டருக்குக் குறையாமல் ஓடியது. நிழல் படும் இடத்தில் காற்று, முக்கியமாக ஓசோன் அடுக்கு, சட்டென்று குளிர்கிறது. இப்படி ஒரு குளிர்ந்த திட்டு காற்றைவிட வேகமாக ஓடினால், ஏரியில் படகு போகும்போது இரண்டு பக்கமும் விரிகிற அலை மாதிரி வளிமண்டலத்திலும் அலை விரிய வேண்டும் என்று 1970ல் சிமோனஸ், ஹைன்ஸ் என்ற இருவர் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். கீழே பொடியாகப் புறப்படும் அலை, மேலே காற்று மெலிய மெலியப் பெரிதாகும்.

2017ல் எம்ஐடியின் ஹேஸ்டாக் ஆய்வகத்தார் அமெரிக்கா முழுக்கப் பரவியிருந்த சுமார் 2,000 ஜிபிஎஸ் ரிசீவர்களின் தகவலைச் சேர்த்துப் பார்த்தபோது, அயனி மண்டலத்தில் அந்தப் படகலை தெளிவாகத் தெரிந்தது. சுமார் ஒரு மணி நேரம் இருந்தது. ஜிபிஎஸ் சிக்னல் அயனி மண்டலத்தைக் கடக்கும்போது எலக்ட்ரான்களால் கொஞ்சம் தாமதமாகிறது. அந்தத் தாமதத்தை அளந்தால் மேலே எத்தனை எலக்ட்ரான் என்று சொல்லிவிடலாம். தரையிலிருந்து இப்படித் தெரிவதை நேரில் போய்த் தொட்டுப் பார்க்கத்தான் ராக்கெட்.

இதனால் பயன் உண்டு. அதே தாமதம்தான் ஜிபிஎஸ் காட்டும் இடத்தில் சில மீட்டர்கள் பிழை உண்டாக்குகிறது. கூகுள் மேப்பில் டீக்கடை தேடும் நமக்கு அது பெரிதில்லை. ஓடுபாதையில் இறங்கும் விமானத்துக்குப் பெரிது. இந்தியாவில் இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய ககன் என்ற அமைப்பு இந்தப் பிழையை உடனுக்குடன் கணக்கிட்டு விமானங்களுக்குச் சொல்கிறது. நடுக்கடலில் சிற்றலை ரேடியோவை நம்பும் கப்பல்களுக்கும் அயனி மண்டலம்தான் ஆதாரம். அது எப்போது எப்படிக் கலையும் என்று முன்கூட்டியே சொல்ல, தேதி குறித்து வரும் கிரகணத்தைவிட நல்ல பரிசோதனை கிடையாது.

சரி, சாம்பார்?

கிரகணத்தில் மேலே நடப்பது என்ன என்று இப்போது சுருக்கிச் சொல்லலாம். வரும் கதிர்கள் குறைகின்றன, எலக்ட்ரான்கள் குறைகின்றன, வெப்பம் குறைகிறது, அதனால் காற்றில் ஓர் அலை. கவனியுங்கள், புதிதாக எந்தக் கதிரும் வரவில்லை. எல்லாமே குறைவதுதான். கீழே நமக்குக் கொஞ்சம் குளிரும், காற்று மாறும், பறவைகள் குழம்பும். அதோடு சரி.

கதிர் குறைவதால் சாப்பாடு கெடும் என்றால், தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு அதைவிடப் பெரிய குறைவு நடக்கிறது. டி அடுக்கு காணாமல் போகிறது, ஈ அடுக்கு ஒடுங்குகிறது, மின்னாறு அடங்குகிறது. அதற்கப்புறம்தான் நாம் எல்லோரும் உட்கார்ந்து ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுகிறோம், கர்ப்பிணிகள் உட்பட. விஞ்ஞானிகளுக்குக் கிரகணம் சூரியாஸ்தமனத்தைவிட சுவாரஸ்யமாக இருப்பது, அது உச்சிவெயிலில், சில நூறு கிலோமீட்டர் அகலத்துக்கு, ஓடிக்கொண்டே நடப்பதால்.

சித்தப்பாவின் செய்தி வந்த அன்று அப்பாயி எனக்குப் போன் செய்தார்.

"ஏஞ்சாமி, மேல ஏதோ ஆகுதுன்னு உங்க சித்தப்பன் சொல்றானே, நெசமா?"

"நெசந்தான் அப்பாயி, ஆகுது."

"எவ்வளவு ஒசரத்துல?"

"நம்ம ஊர்ல இருந்து சேலம் போற தூரத்த அப்படியே நிமித்தி வெச்சுக்கங்க. அங்கதான் ஆரம்பிக்குது."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னார்: "அம்புட்டுத் தூரமா... சரி, மாசமா இருக்கிறவ தண்ணி குடிச்சுக்கட்டும். டாக்டரம்மாவும் அன்னிக்கே சொன்னா. சோத்த அப்புறம் பாத்துக்கலாம்."

எனக்கு அது போதும். "ஒன்றுமே நடக்காது, சும்மா இருங்கள்" என்று நான் சொல்லியிருந்தால் அப்பாயி என்னைவிடச் சித்தப்பாவைத்தான் நம்பியிருப்பார், ஏனென்றால் சித்தப்பாவிடம் ராக்கெட் படம் இருந்தது. நடப்பது என்ன, எங்கே, எவ்வளவு என்று சொன்னதால் ஒரு டம்ளர் தண்ணீராவது ஜெயித்தது.

கடைசியாக ஒரு தகவல். 2031 மே 21 அன்று தேனி, மதுரை, காரைக்குடி, யாழ்ப்பாணம் வழியாக இன்னொரு கங்கண கிரகணம் வருகிறது, மறுபடியும் மதிய நேரத்தில். வெறுங்கண்ணால் பார்க்காதீர்கள், அதற்கென்று உள்ள கண்ணாடியோடு பாருங்கள், பெரியவர்கள் சொன்னதில் இந்த ஒன்றை அப்படியே கேட்கலாம். வீட்டுப் பரணில் பழைய ரேடியோ இருந்தால் காயலான் கடைக்குப் போடாமல் வைத்திருங்கள். அன்று மத்திய அலையில் தூரத்து நிலையம் ஒன்றைத் தேடிப் பாருங்கள். பகல் ஒரு மணிக்கு ராத்திரிக் குரல் ஏதாவது வந்தால், டி அடுக்கு மெலிந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது வீட்டில் கர்ப்பிணிகள் யாராவது இருந்தால், அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு தட்டில் சாப்பாடும் போட்டுக் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் 2010லோ 2019லோ என்ன நடந்தது? எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.